ஊசி ஏறாத குரல்

மார்ச் 12, 1953. வியாழன்.
கிருஷ்ணகிரி. காலையிலேயே வெயில். வயர்லெஸ் கொட்டகைத் தகரம் இப்போதே சுடுகிறது. ஜெனரேட்டருக்கு வந்த இந்த மாதப் பெட்ரோலும் மாதம் முடியுமுன் தீர்ந்துவிடும். டிரான்ஸ்மிட்டர் பேசினாலும் பேசாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரம் குடிக்கிறது. பாதி, உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகளின் சூட்டிலேயே வீண். பெட்ரோலைக் குறைக்காவிட்டால் நிலையத்தையே மூடிவிடுவதாக சேலம் எஞ்சினியர் போன மாதம் சொல்லிவிட்டுப் போனார்.

என் யோசனை: பேசும்போது மட்டும் வால்வுக்குப் போகும் மின்னழுத்தம் ஏறட்டும். வாயை மூடினால் தானே இறங்கட்டும்.

வாங்க: ஈயக்கம்பி, சட்டைப் பொத்தான், நல்லெண்ணெய்.

மார்ச் 15. ஞாயிறு.
முடிந்தது. "ஒன்று, இரண்டு" என்றேன், மீட்டர் ஊசி துள்ளி ஏறியது. நிறுத்தினேன், படுத்துக்கொண்டது. ஜெனரேட்டர் பார்க்கும் முனியப்பா எட்டிப் பார்த்தார். இஞ்சின் இப்போது மூச்சு வாங்குவதே இல்லையாம். கண்ணாடியில் என்னையே பார்த்து இரண்டு தடவை சிரித்துக்கொண்டேன். கிறுக்கு.

மார்ச் 16. திங்கள்.
ஆபரேட்டர் காதர் பாய் மைக்கின் முன் உட்கார்ந்தார். பேசினார். ஊசி அசையவே இல்லை. சேலம் நிலையத்தில் கேட்டது வெறும் இரைச்சல்தானாம். பழைய முறையில் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் குரல் போய்ச் சேர்ந்தது. இப்போது மெதுவான பேச்சும் பேசாததும் கருவிக்கு ஒன்றுதான்.

பாயின் மனைவி வேப்பனப்பள்ளியில் படுத்த படுக்கை. சின்னச் சத்தம் கேட்டாலும் தலையைப் பிடித்துக்கொண்டு துடிப்பாராம். வருஷக்கணக்காக வீட்டில் கிசுகிசுப்புதான். அதுவே பாயின் குரலாகிவிட்டது. சமையல், துணி, மருந்து எல்லாம் அவர்தான். தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். வேறு ஆள் இல்லை.

மார்ச் 18. புதன்.
மைக் சத்தத்தை வாங்கும் அளவைக் கூட்டி வைத்தேன். ஜெனரேட்டர் சத்தத்தையும் பேச்சு என்று எடுத்துக்கொண்டு ஊசி மேலேயே நிற்கிறது. மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. ஜன்னலுக்குக் கோணி கட்டினேன். பிரயோசனமில்லை. பழையபடி இறக்கி வைத்தேன்.

கொஞ்சம் கத்திப் பேசுங்கள் என்றேன் பாயிடம். முதல் சொல் உரக்க. நாலாவது சொல்லுக்குள் பழைய குரல்.

"வர மாட்டேங்குது சார். சத்தம் போட்டா அவ மூஞ்சிதான் முன்னால வந்து நிக்குது."

பிறகு அவரே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு எரிச்சல். அவர் மேலா, என் மேலா, தெரியவில்லை. பொத்தான் வாங்க மறந்துவிட்டது.

மார்ச் 21. சனி.
எஞ்சினியர் வந்தார். மிச்சமான பெட்ரோல் டின்களைப் பார்த்து என் முதுகில் தட்டினார். எல்லா நிலையத்திலும் இதையே வைக்கப் போகிறார்களாம். காதர் பாய் பேசுவதைக் கேட்டார். முகம் மாறியது. இணைப்பைப் பழையபடி மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"சர்க்யூட்ல கை வெக்காதே. ஆள மாத்திக்கலாம்."

பாய் வீட்டு நிலைமையைச் சொன்னேன். எல்லார் வீட்டிலும் ஏதாவது இருக்கிறது என்றார். பழையபடி போட்டால் நிலையம் மூடல், பாய்க்கு மாற்றல். போடாவிட்டாலும் மாற்றல். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மார்ச் 24. செவ்வாய்.
மேகமூட்டம். மழை இல்லை. சந்தையில் மாம்பிஞ்சு வந்துவிட்டது. பாய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார், உப்போடு. அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. பிஞ்சை உப்பில் தொட்டுத் தின்றேன்.

மார்ச் 26. வியாழன்.
சேலத்திலிருந்து காலைச் செய்தி. காதர் பாய் எடுத்தார், நான் பக்கத்தில். அவருடைய மாற்றல் உத்தரவுதான். ராமநாதபுரம். வரும் திங்களன்று அங்கே சேர வேண்டும். எழுதிக்கொண்டே வந்தவர் கை ஊர்ப் பெயரில் நின்றது.

செய்தியை வாங்கியவரே அதைத் திருப்பிச் சொல்லவேண்டும், அதுதான் முறை. சொன்னார். ஊசி அசையவில்லை. கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது சேலம். நான் மைக்குக்குக் கை நீட்டினேன். பாய் என் கையை விலக்கினார். மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை.

எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "ஆபரேட்டர் காதர், ராமநாதபுரம் மாற்றல். திங்கள்கிழமை சேரவும். ஓவர்." முனியப்பா வெளியிலிருந்து ஓடி வந்தார். ஊசி கடைசிக் கோடு வரை போய் நின்றது.

சேலம் சொன்னது: "ரொம்பத் தெளிவா இருக்கு. இனிமே இப்படியே பேசுங்க. ஓவர்."