அம்புக்குறி போட்ட ரோசம்மாள்

தேசூர்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

கிறிஸ்டோபர் எழுதுவது. ஷூட்டிங்கில் எங்கள் செல்போனையெல்லாம் வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால்தான் கடிதம், கம்பெனி டிரைவர் கொண்டுவந்து தருவார்.

பள்ளிக்கூட வேலையை விட்டுச் சினிமாவுக்குப் போனவனோடு மகளை அனுப்ப மாட்டேன் என்றீர்கள். இந்தப் படத்தின் ரகசியம் வெளியே போகாமல் நான் பார்த்துக்கொண்டால், உதவி இயக்குநராகவே வைத்துக்கொள்வதாக டைரக்டர் சொல்லியிருக்கிறார்.

ஹீரோ யாரென்று தெரிந்தால் கூட்டம் தாங்காது. அதனால் பொய்ப் பெயரில்தான் வேலை நடக்கிறது. சினிமா வாடையே இல்லாமல், கேட்டதும் ஜனங்கள் மரியாதையாக ஒதுங்கிப் போகிற மாதிரி ஒரு பெயர் டைரக்டர் கேட்டார். என் வாயில் உங்கள் பெயர்தான் வந்தது. வண்டிகளுக்கு வழி காட்ட, ஆரணியிலிருந்து ‘ரோசம்மாள்’ என்று அம்புக்குறி போட்ட பலகைகள் கட்டியிருக்கிறோம். மன்னியுங்கள். ஃப்ளோரன்ஸிடம்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

மருமகன்
கிறிஸ்டோபர்

மாதா துணை
ஆரணி
5 பிப்ரவரி 2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, திட்டிக்கொண்டே தறியில் உட்கார்ந்தேன். அதற்குள் என்னைச் சாகடித்துவிட்டீர்கள்.

தெரு முனையில் கறுப்பு எழுத்தில் என் பெயர், அம்பு நம் வீட்டுப் பக்கம், சாவு வீட்டுக்கு வழி காட்டுகிற மாதிரி. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. இழவு விழுந்தால்தான் அப்படி நிறுத்துவார்கள். யார் போய்விட்டது என்று கேட்க நானே வெளியே வந்தேன். வாசலில் பாதித் தெரு நிற்கிறது. பக்கத்து வீட்டு அருணாச்சலம் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார்.

சினிமாப் பலகை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும், உங்கள் வேலை போயிருக்கும். இது தேசூர்ப் பக்கம் வேறு ஒரு ரோசம்மாள் என்றேன். வேன் பிடித்துப் போகலாமா என்றார்கள். “அடக்கம்லாம் முடிஞ்சி போச்சி, போயி தறியில குந்துங்க” என்றேன்.

சாயங்காலமே கோயிலுக்குப் போய், பொய் சொன்னேன் என்று பாவசங்கீர்த்தனம் செய்தேன். என்ன பொய் என்று சாமியார் கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை. பலகையை ஜல்தியாகக் கழற்றுங்கள்.

ரோசம்மாள்

தேசூர்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

பலகையை அன்றே கழற்றிவிட்டோம். நடந்ததை டைரக்டரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு எழுந்து நின்றார். “வெளிய சொல்ல மாட்டோம்னு கையெழுத்து போட்ட ஆளுங்கள நம்பிகினு இருந்தேன். காப்பாத்துனது அந்தம்மாதான்” என்றார். நானாக இருந்தால், உயிரோடு இருப்பதைக் காட்டவாவது உளறியிருப்பேன். இத்தனை நாள் உங்களைக் கண்டு பயந்தேன். இப்போது உங்கள் மருமகன் என்பதில் பெருமையாக இருக்கிறது.

ஷூட்டிங் முடிந்தது. வேலை உறுதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை 28ஆம் தேதி வந்தவாசி வழியாகச் சென்னை போகிறேன். செல்போன் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஃப்ளோரன்ஸை அனுப்புவீர்களா என்று நேரே கேட்கத் தைரியம் வராமல்தான் இதுவும் கடிதம்.

கிறிஸ்டோபர்

ஆரணி
23 பிப்ரவரி 2025

மாப்பிள்ளைக்கு,

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை எழுதாமல் விட்டேன். கதவைத் திறக்கும் முன் வெளியே பேசியது காதில் விழுந்தது. எதிர்வீட்டு ரேணுகாதேவி நன்றாகத்தான் அழுதாள். “பொண்ண புருசங்கூட வாழ வுடாமயே போயி சேந்துட்டாங்க” என்றாள். செத்தவர்களைப் பற்றி யாரும் குறை பேச மாட்டார்கள். என்னைப் பேசினார்கள். ஒருவரும் மறுக்கவில்லை.

உங்கள் வேலை உறுதியானதற்காக மகளை அனுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். வேலை போயிருந்தாலும் அனுப்பியிருப்பேன். மாமியார் பெயரை ரோட்டில் கட்டிவிட்டு, திட்டு விழும் என்று தெரிந்தும் நீங்களாகவே எழுதிச் சொன்னீர்களே, அந்த மனசு அவளுக்குப் போதும்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஃப்ளோரன்ஸ் வருகிறாள். வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். அம்மா அழுதாள் என்று சொல்வாள். நம்பாதீர்கள்.

ரோசம்மாள்