முத்தம்மாவைப் பேச வைக்க ஒரு கடிதம்

எண்ணூர்க் குப்பம்,
கார்த்திகை 3

அன்புள்ள மகன் தண்டபாணிக்கு, உன் தாய் மங்கம்மா சொல்ல, தங்கை முத்தம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே நாள் ஓடுகிறது, பினாங்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாயா என்றுதான் எந்நேரமும் நினைப்பு. மழை விடாததால் கட்டுமரங்கள் கரையிலேயே கிடக்கின்றன, நான் கருவாடு விற்கப் போகிறேன். கப்பல் துறையில் தூக்கும் மூட்டைக்கு அடியில் நிற்காதே, ஈரத் தலையோடு படுக்காதே. முத்தம்மாவுக்கு வலிப்பு அதிகமாகிவிட்டது, தை பிறந்ததும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் தலையில் ஆபரேஷன், மீதியை அவளே எழுதுவாள்.

அண்ணே, அம்மா கூடையோடு போய்விட்டாள், இனி நானாக எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் என் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். பக்கத்து மெஷினில் பேனாக்கள் தாமாகவே கோடு கிழித்தன, அது என் மூளை போடும் கோடாம். ஆபரேஷனில் மண்டையைத் திறந்து மூளை மேலேயே ஒயரை வைப்பார்களாம். வலிப்பு கிளம்பும் இடத்தைக் கோடு காட்டிவிடும், பேச்சு இருக்கும் இடத்தைக் காட்டாது, அதை நான் பேசித்தான் காட்டவேண்டும் என்றார் டாக்டர். அதனால் தூங்கவைக்காமல், தோலை மட்டும் மரக்கவைத்து, என்னைப் பேசச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒயரில் லேசாக மின்சாரம் விட்டு ஒவ்வொரு இடமாகப் பார்ப்பார்கள், பேச்சு குழறினால் அந்த இடத்தை வெட்டமாட்டார்கள். நான் வாயே திறக்காவிட்டால் வெட்கமா மூளையா என்று அவர்களுக்குத் தெரியாது, ஒன்றும் செய்யாமல் மூடித் தைத்துவிடுவார்கள்.

பழக்கிப் பார்க்க டாக்டர் என் பெயரைக் கேட்டார், அதற்கே எனக்கு நாக்கு எழவில்லை, அம்மாதான் சொன்னாள். வெளியே வந்ததும், "உள்ள என்னிய வுடமாட்டாங்கமே, அங்க உம் பேர யாரு சொல்லுவா?" என்று அழுதாள். வலிப்பால் பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிறகு என்னோடு யார் பேசுகிறார்கள்? அடுப்புப் பக்கமும் போகக்கூடாது, தண்ணீர்ப் பக்கமும் போகக்கூடாது. அம்மா வரும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன், சில நாள் என் குரலே எனக்கு யாருடையதோ போலிருக்கிறது.

இந்தப் பெண் யாரிடமாவது பேசுமா என்று நர்ஸ் சிலுவையம்மாள் கேட்டார்கள். அண்ணனோடு மட்டும் ஓயாமல் சண்டை போடுவாள் என்றாள் அம்மா. அப்படியானால் அவர் கடிதத்தைக் கொண்டு வாருங்கள், நான் உள்ளே வாசிக்கிறேன் என்றார்கள். அதனால் தைக்குள் வந்து சேரும்படி ஒரு கடிதம் போடு அண்ணே. பாசமாக எழுதாதே, அழுகைதான் வரும். "இன்னாமே ஊளமூக்கி" என்று ஆரம்பி. நண்டு கடித்ததற்கு ஊரைக் கூட்டியது இந்த முத்தம்மாதான் என்று எழுது, உண்மையில் அது நீதான். எல்லாம் பொய்யாக எழுது, மறுத்துச் சண்டை போடவாவது என் வாய் திறக்கும், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி கேள்.

எல்லையம்மன் உனக்குத் துணை என்று எழுதச் சொன்னாள் அம்மா. கப்பல் தபால் தாமதமாகும், இன்றே போடு. உன் கடிதம் வந்தாலும் நான் பிரிக்கமாட்டேன். அங்கே முதல் தடவையாகக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

இப்படிக்கு,
உன் தாய் மங்கம்மா
கையெழுத்து, முத்தம்மா