பல் தீட்டாத குற்றம்

வியாழன், இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. அலவத்துகொடையிலிருந்து எங்கள் பல் கிளினிக்குக்கு வரும் ஆசிரியை ஒருவர், ராத்தா (அக்கா) என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு மூன்று மாதமாகக் கடைவாய்ப் பல்லிடுக்கில் சாப்பாடு சிக்குகிறது. ஈறும் வீங்கியிருந்தது. "நான் ஒழுங்கா பல்லு தீட்டுறல்லண்டு பெரிய டொக்டர் ஏசினார்," என்றார் வெட்கத்தோடு.

மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பல்லை அடைத்ததே கிளினிக்கை நடத்தும் பெரிய டொக்டர்தான். அடைக்கும்போது பல்லைச் சுற்றித் தகட்டுப் பட்டி போட்டவர், அதைப் பல்லோடு இறுக்க இடுக்கில் சின்ன ஆப்பு வைக்கவில்லை. பற்களை விலக்கிப் பிடிக்கும் வளையமும் போடவில்லை. அடைப்பு பக்கத்துப் பல்லோடு சேராமல் இடைவெளி விட்டு, ஈறுக்குள் பிதுங்கி நின்றது.

"பிழை உங்களோடது இல்ல ராத்தா, எங்களோடது," என்றேன். பழையதை எடுத்துவிட்டு, ஆப்பும் வளையமும் வைத்து மறுபடி அடைத்தேன்.

ராத்தா போனதும், நான் சொன்னதைக் கேட்டிருந்த பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நோயாளிகிட்ட இப்பிடிச் சொன்னா நாளைக்கு யார் வருவாங்க? ஆப்பு வச்சிக்கிட்டிருக்க எனக்கு நேரமில்ல."

ஐந்து நிமிட வேலை அது. அதை மிச்சம் பிடிக்க, ஒரு மனுஷியை மூன்று மாதம் தன் வாயை நினைத்துக் கூச வைத்திருக்கிறார்.

ராத்தாவின் அட்டையில் "சுத்தம் போதாது" என்று அவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே "அடைப்பில் பிழை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நாளைக்குப் பார்ப்பார். என்னை வேலையிலிருந்து நிறுத்தினாலும் நிறுத்தட்டும்.