மூன்று சக்கரங்கள் நலம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது,

இங்கு நான் நலம், அப்பா நலம், உன் தங்கையும் மாப்பிள்ளையும் நலம், உன் நான்கு சக்கரங்களில் மூன்று நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பொய் சொல்லாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உனக்குப் பிடிக்காத இடம் வந்தால் சிக்னல் போய்விடும். காகிதத்தில் அந்த வசதி கிடையாது, கடைசி வரி வரைக்கும் நீ இருந்துதான் ஆகவேண்டும்.

தங்கை கல்யாணத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. அதை ஈடுகட்ட, மாடிப்படிக்குக் கீழே நீ விட்டுப்போன உன் பழைய பந்தயக் காரின் சக்கரங்களை மாப்பிள்ளைக்குப் பரிசாக அறிவித்தாய். வாராவாரம் பந்தயத் தடத்தில் கார் ஓட்டுகிற மனிதர், பக்கத்து சீட்டில் உன் தங்கை ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. 'மச்சானுக்கு எவ்ளோ பெரிய மனசு அத்தை' என்று என்னிடமே வந்து சொன்னார், நானும் உன்னைப் பெற்ற பெருமையில் அவருக்கு இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன். நீ போட்டது ஒரே ஒரு நிபந்தனை, சக்கரங்களைக் கடையில் கொடுத்துப் புதுப்பிக்கக் கூடாது. 'கடைக்காரங்க கெடுத்துடுவாங்கம்மா, நீங்களே வீட்ல பிரிச்சு பாலிஷ் போட்டுக் குடுங்க, உன் கை யாருக்கு வரும்' என்றாய். பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து ஆயுசு முழுக்கப் பல் செட் செய்த கை இது. அந்த வேலையில் புகழ்ச்சி கிடையாது, ஜனங்கள் கடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் இளித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நீ சொன்ன மாத்திரத்தில் மயங்கிவிட்டேன்.

ஒரு சக்கரம் என்பது மூன்று துண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். வெளியே தெரிகிற விளிம்பு ஒன்று, காருக்கு உள்பக்கம் போகிற அகலமான உருளை ஒன்று, நடுவில் கம்பி கம்பியாக ஒரு தட்டு, மூன்றையும் சுற்றிலும் போல்ட்டுகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன, மூட்டு வழியாகக் காற்று போகாமல் இருக்கப் பசை. எல்லாவற்றையும் ஒன்றாக வார்த்துத் தொலைத்தால் என்ன என்று அப்பாவைக் கேட்டேன். 'அடிபட்டா அடிபட்ட துண்ட மட்டும் மாத்திக்கலாம்ல' என்றார். அவர் சொல்வது எப்போதாவது சரியாக இருக்கும், இதை ஞாபகம் வைத்துக்கொள். போல்ட் இலாகாவை அவரே எடுத்துக்கொண்டார். கழற்றியவற்றை நாள்வாரியாக அறை வைத்த தன் மாத்திரை டப்பாவில் பத்திரப்படுத்தினார், அதன் பலனாக செவ்வாய்க்கிழமை காலை ரத்த அழுத்த மாத்திரையோடு ஒரு வாஷரும் உள்ளங்கைக்கு வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, டாக்டர் மருந்தை மாற்றிவிட்டாரா என்று என்னைக் கேட்டார். நான் பழைய பசையைச் சுரண்டி, விளிம்புகளை உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, முரட்டுத் தாளில் தொடங்கி நைஸ் தாள் வரைக்கும் போய், பிறகு என் பழைய பாலிஷ் மோட்டாரில் துணிச்சக்கரம் மாட்டி மினுக்கினேன். இப்போது குனிந்தால் விளிம்பில் என் மூக்குத் துவாரம் தெரிகிறது, இந்த வயதில் அவசியமில்லாத காட்சி. உருளைகளின் உள்பக்கத்தையும் சுரண்டப் போனேன், 'அங்க யாரும் பாக்கப் போறதில்லம்மா, மேலயே பெயிண்ட் அடிச்சு விடு' என்று நீ தடுத்தாய். பிள்ளைக்கு அம்மாவின் தோள்பட்டை மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

திருப்பிப் பூட்டுவதுதான் பெரிய கூத்து. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும், குறித்த இறுக்கம் வந்ததும் அதற்கென்றே இருக்கிற ஸ்பானர் கிளிக் என்று சொல்லும். அப்பாவின் காது மிஷினுக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்கும், கையில் இருக்கிற ஸ்பானர் கேட்காது. ஆகவே அவர் முடுக்க, நான் பக்கத்தில் நின்று 'போதும்' என்று கத்த, வீட்டில் ஏதோ அடிதடி என்று எதிர்வீட்டம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். பசை காய்ந்ததும் டயர் கடையில் டயர் மாட்டிக் காற்றடித்துக் கொண்டுவந்தோம். மூன்று சக்கரத்தில் காற்று இறங்கவில்லை. நாலாவது மறுநாள் காலையில் தொய்ந்து கிடந்தது. உன்னிடம் சொன்னோம், 'பசை பத்தலம்மா, இன்னும் கொஞ்சம் பூசு' என்றாய். டயரைக் கழற்றி, சக்கரத்தைப் பிரித்து, பசை பூசி, பூட்டி, மறுபடி கடைக்குப் போய் வந்தோம், மறுபடி தொய்ந்தது. இன்னொரு தரம் போனபோது டயர் கடைக்காரர் 'என்னம்மா, உங்களுக்குன்னு கடைல ஒரு நாற்காலி போட்டுரட்டுமா' என்றார். அன்றைக்குத்தான் அப்பா போனை என்னிடமிருந்து வாங்கி உன்னிடம் சொன்னார், 'என் காதுதாம்ப்பா கோளாறு, கிளிக்கு கேக்கல, சரியா முடுக்காம விட்டுட்டேன் போல' என்று. நீ என்ன பதில் சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. 'பரவால்லப்பா, வயசாயிடுச்சுல்ல, விடுங்க' என்றாய். அதற்கு அப்புறம் அவர் ஸ்பானரைத் தொடவில்லை. காது மிஷினைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், சுவர்க்கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று டிக் டிக் கேட்கிறதா என்று சோதிப்பார்.

எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அந்தச் சக்கரத்தை அமுக்கிவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். குமிழி வந்தது. மூட்டிலிருந்து வரவில்லை, போல்ட்டுகளுக்கு வெகுதூரம் தள்ளி, நீ சுரண்ட வேண்டாம் என்று சொன்ன அந்த உள்பக்கத்திலிருந்து வந்தது. பல் செட் செய்தவளுக்கு ஒன்று தெரியும் கண்ணா, அடைத்த பல் மற்றப் பற்களைவிடக் கொஞ்சம் அதிக ஒழுக்கமாக இருக்கும். அந்த இடமும் அப்படித்தான் வழவழவென்று இருந்தது. சுரண்டினேன். நான் அடித்த பெயிண்ட், அதற்குக் கீழே நீ அடித்த பெயிண்ட், அதற்குக் கீழே பள்ளம் அடைக்கிற பட்டி, பட்டிக்குக் கீழே என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'பையன் கவனிச்சிருக்க மாட்டான்' என்றார். பட்டி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளாது என்றேன். அவர் காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நீ ஊருக்குக் கிளம்பிய வருஷம் கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்து நின்று, தலையணை சரியில்லை என்றாயே, அது இப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அந்தத் தலையணையை மனதாரத் திட்டித் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக இலவம்பஞ்சில் ஒன்று தைத்துப் போட்டேன். அது பாவம் பந்தயத் தடத்தில் எந்தச் சுவரிலும் மோதவில்லை. மோதியதைச் சொன்னால் காரைப் பிடுங்கிவிடுவோம் என்று பயந்திருப்பாய், பிடுங்கியிருப்போம், அது நியாயமான பயம்தான். ஆனால் அதே சக்கரத்துக்கு ரிப்பன் கட்டிக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கும் தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. கடையில் கொடுத்திருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார்கள், அதற்குத்தான் என் கை வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு நீ பாசத்தோடு கொடுத்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன், பந்தய வளைவில் அது பிளந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவள் யார் என்று நினைக்க மட்டும் உனக்கு நேரம் கிடைக்கவில்லை, லீவு கிடைக்காத மாதிரி.

யாரும் மறுபடி பட்டி பார்த்துப் பூட்டிவிடக் கூடாது என்று அந்த உருளையை நானே ஆக்சா பிளேடு வைத்து அறுத்துவிட்டேன், மூச்சு வாங்கியது, நிம்மதியாக இருந்தது. விரிசல் உள்ள துண்டு இந்தக் கடிதத்தோடு வருகிறது, உன் மேசையில் எங்காவது கண்ணில் படுகிற மாதிரி வை. புது உருளை ஒன்று நீயே பார்த்து வாங்கி அனுப்பு, மாற்றிக்கொள்ளத்தானே அதை மூன்று துண்டாகச் செய்திருக்கிறார்கள். வரும் மாதம் முதல் ஞாயிறு மாப்பிள்ளை சக்கரங்களை எடுத்துப்போக வருகிறார். நாலாவது எங்கே அத்தை என்று கேட்டால், மச்சான் சொல்வான் என்று சொல்லப்போகிறேன். அதற்குள் நீ அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவர் தலையாட்டுவார். சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்கிறேன், என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

மற்றபடி குளிரில் காதை மூடிக்கொண்டு போ, பல்லை ராத்திரியும் தேய். நீ நீண்ட ஆயுளோடு, நல்ல புத்தியோடு, முழுக்கழுத்தும் திரும்பும்படி இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மாப்பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன்னால் அப்பாவைக் கூப்பிடு. கோளாறு அவர் காதில் இல்லை என்பதை அவரிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். கொஞ்சம் உரக்கவே பேசு, பக்கத்து அறையில் நானும் இருப்பேன்.

இப்படிக்கு,
மூன்று சக்கரத்தைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா