வியாழக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்த பெடியன்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
20.02.2007, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஆரபிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தம்பி இளங்கோவும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மெல்பேர்ன் வெயிலில் கருகாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். அப்பாவின் முழங்கால் பழையபடிதான், டொக்டர் நன்றாக நடக்கச் சொன்னார், அவரும் நடக்கிறார், சோபாவிலிருந்து குளிர்பெட்டி வரைக்கும். போன கிழமை நீ தொலைபேசியில், கம்பனி உன்னை இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வைத்திருக்கப் போகிறதாம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டபோது அப்பா "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு றிசீவரை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார், நானும் மிளகாய்த்தூள் முடிந்துவிட்டதா என்று கேட்டு வைத்தேன். ஒரு வருடம் என்று போன பிள்ளை நீ. பதில் எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன், அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், வீடு அமைதியாக இருக்கிறது. ஆனால் அதற்கு முதல் இங்கே விழுந்த துக்கத்தைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

பயப்படாதே, ஒருவரும் சாகவில்லை. நிதுசனை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

மேல்மாடிப் பிலேந்திரன் அண்ணையின் மகன் நிதுசன்தான், லிப்டுக்குள் பந்து தட்டி உன்னிடம் ஏச்சு வாங்கினவன். இப்போது பதினெட்டு வயது, நம் கரடிகள் கழகத்தின் கூடைப்பந்து அணியில் அவன்தான் எல்லாம், அதாவது போன மாதம் வரைக்கும். நாங்கள் எப்படி அந்த மண்டபத்துக்குள் போய் விழுந்தோம் என்று உனக்குத் தெரியும், இளங்கோவைச் சேர்த்துவிடப் போனோம், அவன் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டான், நாங்கள் விடவில்லை. இந்த நாட்டில் பிள்ளையைக் கழகத்தில் சேர்த்தால் தாய் தகப்பனும் சேர்ந்த மாதிரித்தான், டுக்னாட் என்று சொல்லிச் சம்பளமில்லாமல் மண்டபம் கூட்டவும் கடை போடவும் கூப்பிடுவார்கள், பிள்ளை விலகினாலும் நம்மை விடமாட்டார்கள். வெள்ளைக்காரத் தாய்மார் வாப்பல் என்ற இனிப்பு அப்பம் சுட, நானும் பக்கத்து வீட்டு மேரியம்மா அக்காவும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனோம், அதற்குப் பிறகு வாப்பலைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. நீ போன பிறகு நான் ஒருநாள் வகுப்புக்குப் போய்ப் புள்ளிப்பலகை இயக்கவும் படித்துவிட்டேன், அட்டை தந்திருக்கிறார்கள், மேசையில் இருக்கும்போது நான் தமிழ் ஆட்களின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு நேர்மை. அப்பாவுக்கு விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாது, ஆனால் நடுவரைத் தமிழில் ஏசுவார், தமிழில் ஏசினால் தண்டனை இல்லையாம். நிதுசன் இடது கையால் பந்தை எறிய, மேரியம்மா அக்கா கண்ணைப் பொத்த, அப்பா முழங்காலை மறந்து எழும்ப, பந்து வலைக்குள் விழும். சனிக்கிழமை என்றால் எங்களுக்கு அதுதான் திருவிழா.

தை மாதம் ஒருநாள் பயிற்சியாளர் ஒய்விந், கடைக்குப் பக்கத்தில் கோப்பிக் கோப்பையோடு நின்றபடி, பனி கொட்டுகிறது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார், நிதுசன் இனி எல்லிங்ஸ்ருட் பக்கத்து நரிகள் கழகத்துக்கு விளையாடுவான், அவர்கள் பதிலுக்கு ஒரு உயரமான பெடியனைத் தருகிறார்கள், அதோடு பெரிய மண்டபத்தில் அவர்களின் வியாழக்கிழமை நேரத்தையும் தருகிறார்கள் என்று. அந்த மண்டபத்துக்கு இரண்டு கழகமும் எத்தனை வருடமாக அடிபடுகின்றன தெரியுமா, ஒய்விந்தின் முகத்தில் வெளிச்சம். அப்பாவின் முகம் கறுத்துப் போனது. "கண்டறியாத வியாழக்கிழமை. பெடியனைக் குடுத்து ஆரும் கிழமை வாங்குவினமோ" என்று என்னிடம் கேட்டார், நான்தான் வாங்கினது போல. கீழ்மாடியில் சென்னையிலிருந்து வந்த ராம்பிரசாத் என்ற கணினிக்காரப் பிள்ளை இருக்கிறான், அவன் ஆறுதல் சொல்ல வந்து, "அமெரிக்கால இதெல்லாம் சகஜம் அங்கிள், காலைல ஒரு டீம், சாயங்காலம் ஒரு டீம்" என்றான். அப்பா "அது அமெரிக்கா தம்பி, இது ஹொல்ம்லியா" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு ஊற்றின தேத்தண்ணியைத் தானே குடித்துவிட்டார்.

பேசி முடிவு காண்போம் என்று ஞாயிற்றுக்கிழமை தூது போனோம், அப்பா, பிலேந்திரன் அண்ணை, மேரியம்மா அக்கா, நான். வெறுங்கையோடு போகக் கூடாதென்று மேரியம்மா அக்கா ஒரு தட்டு ரோல்ஸும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்தா, அப்பா கலியாணக் கோட்டைப் போட்டார். கழகத்தின் சின்ன அறையில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். போன உடனே விஷயத்தைத் தொடங்குவது நம் வழக்கமில்லையே, குளிரைப் பற்றிக் கதைத்தோம், ஒய்விந்தின் தாயாரின் சுகம் கேட்டோம், அவர் பனிச்சறுக்கப் போய் விழுந்த கதையைக் கேட்டோம், அவராகவே "அப்ப என்ன விஷயமாய் வந்தனீங்கள்" என்று கேட்பார், பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தோம். மனிதன் கேட்கவேயில்லை. ரோல்ஸைத் தின்று முடித்தார், எழும்பி நாலு பேருக்கும் கை தந்தார், கழகத்துக்குப் பெரிய மாற்றம் வரும் நேரத்தில் பெற்றோர் இப்படி வந்து ஆதரவு தந்தது தன் மனதைத் தொட்டது என்றார், அந்த உற்சாகத்தோடேயே அடுத்த மாதம் மண்டபம் துடைக்கிற வேலைக்கு எங்கள் நாலு பேரையும் போட்டுவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். திரும்பி வரும்போது அப்பா, வாழைப்பழத்தையாவது மிச்சம் கொண்டுவந்திருக்கலாம் என்றார்.

அதற்குப் பிறகு உன் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். கழகத்தின் நீலக் கழுத்துத்துணியைக் கழற்றிக் கீழே சாமான் அறையில் கொண்டுபோய் வைத்தார், அதற்குப் பக்கத்தில் உன் பனிச்சறுக்குக்கட்டை நிற்கிறது, இரண்டையும் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்து தொலைக்காட்சியில் பனிச்சறுக்கல் பார்த்தார், எவன் வென்றாலும் அவருக்கு ஒன்றுதான். மேரியம்மா அக்கா தேவாலயத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, எல்லிங்ஸ்ருட் மண்டபத்துக் கூரை ஒழுக வேண்டும் என்று நேர்ந்தாவாம், பிறகு பயம் வந்து அந்த நேர்த்தியைத் திருப்பி எடுக்க இன்னொரு திரி கொளுத்தினா. பதிலுக்கு வந்த உயரமான பெடியன் பெயர் சிந்திரே. அவனுக்கு முகம் கொடுப்பதில்லை என்று நாங்கள் எல்லோரும் தீர்மானித்திருந்தோம். அவன் முதல் நாளே கடைக்கு வந்து, கதவு நிலையில் தலை இடித்து, ஒரு ரோல் வாங்கிக் கடித்து, கண்ணால் நீர் ஓட ஓட "நல்லாயிருக்கு, நன்றி" என்று சொல்லி இன்னொன்று கேட்டான், பாவம், அவனையும் யாரோ ஒரு தாய் அங்கே கிடந்து தேடுவாள்தானே. இரண்டாவதைக் காசு வாங்காமல் கொடுத்தேன், அப்பாவுக்குச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை நரிகள் எங்கள் மண்டபத்துக்கு விளையாட வந்தார்கள். அப்பா வரமாட்டேன் என்று நின்றவர், ரோல்ஸ் பெட்டி பாரம், அதைத் தூக்கத்தான் வருகிறேன் என்று வந்தார், பெட்டியை வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் மேசையில். நிதுசன் நரிகளின் மஞ்சள் உடுப்போடு வந்தான், மஞ்சள் அவனுக்குப் பொருந்தவேயில்லை. விளையாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இடது கையால் எறிந்தான், பந்து வலைக்குள், எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழும்பிக் கைதட்டினார்கள், நான் மூன்று புள்ளி போட்டேன். எங்கள் பக்கத்துக்குப் போட்டேன். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். நரிகளின் பயிற்சியாளர் குதித்தார், நடுவர் ஊதினார், மேசைக்கு வந்து பலகையில் கோளாறா என்று மரியாதையாகக் கேட்டார், நானும் ஓம், பலகைதான் என்று தலையாட்டித் திருத்தினேன். இரண்டாம் பாதியில் திரும்பவும் அவன் எறிய, திரும்பவும் என் விரல் பழைய இடத்துக்கே போனது. இந்த முறை நடுவர் பலகையைக் கேட்கவில்லை, என்னிடம் கண்ணாடி போடுவீர்களா என்று கேட்டார். அப்பா எழும்பி, "அவ சரியாத்தான் போட்டவ!" என்று மண்டபம் அதிரக் கத்தினார், நல்லவேளை தமிழில். அப்போது நிதுசனே மேசைக்கு வந்தான், வியர்வையோடு குனிந்து, மெல்லமாக, "அன்ரி, நான் இப்ப அங்காலை" என்றான்.

அதற்குப் பிறகு என்ன செய்ய, பிள்ளை. என் கையாலேயே மூன்றை எங்களிலிருந்து கழித்து அவர்களுக்குக் கூட்டினேன். கடைசியில் இரண்டு புள்ளியால் தோற்றோம். ஆட்டம் முடிந்து இறங்க, இனி என்னை அந்த மேசையில் இருத்துவார்களோ தெரியாது என்று மேரியம்மா அக்கா சொன்னா, ஆறுதலாகத்தான் சொன்னா.

பிறகு நிதுசன் குளித்துவிட்டுக் கடைக்கு வந்தான். பழக்கதோசத்தில் ரோல்ஸ் தட்டுக்குக் கை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டு நின்றான். அப்பா அவனைப் பார்த்து, "உன்னை ஒரு கிழமைக்கு வித்துப்போட்டாங்கள், நீ கவலைப்படாதை" என்று தொடங்க, அவன் முகம் சிவந்துபோய், "அங்கிள், கிளப் என்னை விக்கேல்லை. நான்தான் போகப்போறன் எண்டு கேட்டனான். அங்கை வாற வருசம் மேல்பிரிவிலை விளையாடலாம். உங்கள் எல்லாருக்கும் சொல்லப் பயத்திலை, கிளப்தான் மாத்தினது எண்டு சொல்லுங்கோ எண்டு ஒய்விந்திட்டை கேட்டனான்" என்றான். தகப்பன் பிலேந்திரன் அண்ணைக்கே அதுவரை தெரியாது, கையில் இருந்த கோப்பியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஒய்விந் வியாழக்கிழமையைப் பிறகு பேரம் பேசி வாங்கினதுதானாம். அன்றைக்கு அந்தச் சின்ன அறையில் மனிதன் ரோல்ஸோடு சேர்த்து எவ்வளவு பொய்யை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார் பார். நான் அப்பா வெடிப்பார் என்று நினைத்தேன். அவர், "அங்கை விளையாடி முடிய என்ன சாப்பிடக் குடுக்கிறவை" என்று கேட்டார். வாப்பல் என்றான். அப்பா தட்டில் இருந்த ரோல்ஸ் முழுவதையும் கடதாசியில் சுற்றி அவன் பைக்குள் வைத்தார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம், பாதையெல்லாம் வழுக்கல், அப்பா என் கையைப் பிடித்திருந்தார். "அவன் கேட்டுப் போனவன் எண்டால் எனக்குக் கவலையில்லை. வேண்டாமெண்டு தள்ளிவிட்டாங்களோ எண்டுதான் நெஞ்சு எரிஞ்சது" என்றார். நானும் ஓம் என்றேன். புளொக் வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு நின்றவர், நிமிர்ந்து பார்க்காமலே, "ஆரபியும் கேட்டிருப்பாளோ" என்றார்.

வழுக்கும், உள்ளே வாருங்கோ என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆனால் எனக்குத் தெரியும். நீ தொலைபேசியில் "கம்பனி" என்று சொன்னாயே, அந்தக் குரலை நான் முதலே கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போக, "ரீச்சர் கட்டாயம் வரச் சொன்னவ" என்று சொன்ன அதே குரல். கம்பனி உன்னை மறித்து வைத்திருக்கிறதென்றால் நான் அந்தக் கம்பனியோடு சண்டை பிடிப்பேன், அதற்கு ரோல்ஸும் கொண்டுவரமாட்டேன், சுகமும் விசாரிக்கமாட்டேன். நீயாகக் கேட்டாயென்றால் எனக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை, அழுகைதான் வரும். அழுவேன், அது வேறு. உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, அந்த ஊர் பிடித்திருக்கிறது, அது குற்றமில்லை, நீ எங்களை விட்டுப் போனதாகவும் நான் நினைக்கவில்லை. எங்களுக்குப் பயந்து ஒரு ஒய்விந்தை நடுவில் வைக்காதே, அவ்வளவுதான் நான் கேட்பது. எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம். அப்பா வாயால் சொல்லமாட்டார், ஆனால் நேற்று உன் சறுக்குக்கட்டைக்கு எண்ணெய்ப் பூச்சுப் பூசிச் சுவரில் வடிவாக மாட்டிவிட்டு, வந்தால் எடுக்கட்டும் என்றார்.

இங்கே குறொன்லாண்ட் தமிழ்க் கடையில் வாங்கின மிளகாய்த்தூளும் கொஞ்சம் பருத்தித்துறை வடையும் வேறு பொதியில் அனுப்புகிறேன், வடையை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பங்கு வைக்காதே, நீ தின்னு. வெயிலுக்குத் தொப்பி போடு. அடுத்த ஆட்டம் எல்லிங்ஸ்ருட்டில், அப்பா இப்போதே ரயில் நேரம் பார்த்து வைத்திருக்கிறார், எந்தப் பக்கத்தில் உட்காருவது என்றுதான் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. முருகன் உன்னை எந்த ஊரில் இருந்தாலும் கைவிடாமல் காக்கட்டும், நினைத்ததெல்லாம் கைகூடி நோய்நொடி இல்லாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை போன் எடு, முதல் மணிக்கே அப்பாதான் தூக்குவார். கம்பனி என்று தொடங்காதே மகள், நான் என்று தொடங்கு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
சிவநாயகி குகநேசன்