குளுக்கோஸ் இல்லாத சோதனை

செலண்டார், மலாயா,
12 மார்ச் 1955

அன்புள்ள தோழிக்கு,

குளிரில் வைத்த இரத்தத்திலிருந்து கசிந்துபோன பொட்டாசியத்தைச் சிவப்பணு மறுபடி உள்ளே இழுப்பது எப்படி? எனக்குத் தெரியவில்லை. சூடும் குளுக்கோஸும் கொடுத்தால் இழுக்கும் என்று லண்டனிலிருந்து நீ எழுதி அனுப்பிய கட்டுரையை நான் நம்பவுமில்லை. சென்னையில் ஒரே மேசையில் படித்தோம். லண்டன் போக உதவித்தொகை உனக்குத்தான் கிடைத்தது. இந்த நாற்பத்தெட்டு வயதிலும், உன் முடிவு தவறாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

அதனால் நான் வேலை பார்க்கும் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே சோதித்தேன். நான் மலாக்காவில் வாங்கிய குளுக்கோஸ் டின்னை, காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகும் சாப்பாடு என்று சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டார்கள். அது இல்லாமலே இரத்தத்தைச் சூடாக்கினேன். பொட்டாசியம் திரும்பவில்லை. உன் முடிவு தவறு என்று கடிதம் எழுதி, தபாலில் போடும்படி ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெஸர் முனியாண்டியிடம் விஷயத்தைச் சொல்லி நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "இரத்தத்தைப் பட்டினி போட்டுட்டு, வேலை செய்யலன்னு சொன்னா எப்படி லா, டாக்டரம்மா?" என்று சிரித்தார். நோயாளிக்கு ஏற்றி மிஞ்சிய குளுக்கோஸ் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதைக் கலந்து இரத்தத்தை மறுபடி சூடாக்கினேன். மறுநாள், வெளியே இருந்த பொட்டாசியத்தில் பாதி உள்ளே திரும்பியிருந்தது. மூன்று முறை அளந்தேன். முதல் கடிதத்தைக் கிழித்தேன். இதை எழுதுவதில் எனக்குச் சந்தோஷமில்லை. ஆனாலும் தபாலில் போட நானே போகிறேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்