முடி போன்ற கம்பி

நைஜல்,

நீ முன்பதிவு செய்த குட்டி ரயில் இன்ஜின் ஒருவழியாக வந்துவிட்டது. நீ தூங்கும்போது கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. நான் டார்லிங்டன் போய் அக்காவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருவேன். அடுப்பில் ஸ்டூ இருக்கிறது. சட்டியைத் தூக்காதே, கரண்டியால் அள்ளிக்கொள்.

நேற்று, "இன்ஜின் வந்ததும் தண்டவாளத்துல நான் வச்சுத் தரட்டுமா?" என்றுதான் கேட்டேன். அதற்கு அந்தக் கத்தலா?

முதல் மாதிரியின் படத்தைப் பார்த்துவிட்டு, "கைப்பிடிக் கம்பி உலக்கை மாதிரி இருக்கு, முடி மாதிரி இருக்கணும்" என்று கம்பெனியோடு மல்லுக்கட்டியது நீதான். அவர்கள் மாற்றிச் செய்ய மூன்று வருடம் ஆனது. அதற்குள் உன் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. யாரைத் திட்டுவது?

பிரித்துப் பார்த்தேன். முடி மாதிரியேதான் இருக்கிறது. எனக்கே தொடப் பயமாக இருக்கிறது. நான் வரும்வரை வெளியே எடுக்காதே.

பெவர்லி

பி.கு.: மனசு கேட்காவிட்டால் எடுத்துவிடு. கம்பி உடைந்தால் தரையில் குனிந்து தேடாதே. அப்படியே உட்கார்ந்திரு. நான் வந்து மண்டிபோட்டுத் தேடுகிறேன்.